ஒரு கௌதாரி இறகுகூடக் கிடையாது

வல்லத்திராக்கோட்டை உடையப்பன் ஒரு தடவை தும்மியதில் ஆப்பிரிக்காவில் மூன்று சிங்கங்கள் சைவமாகிவிட்டன. அவர் வெற்றிலை துப்பிய இடத்தைப் புலி ஒன்று மோந்து பார்த்துவிட்டு, சம்சாரத்தையும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மைசூர்ப் பக்கம் குடிபோய்விட்டது. அன்றிலிருந்துதான் புதுக்கோட்டைச் சீமையில் புலி கிடையாது. யானை ஒன்று அவரிடம் வழி கேட்டது. அவர் முறைத்த முறைப்பில் கண்மாய்க்குள் இறங்கிப் பாறையாகிவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பாறையைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் நான்தான் கட்டிவிட்டேன். எங்கள் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ‘நம்மூர் மனிதர் ஒருவரின் வாழ்க்கை’ என்று எழுதித் தரும்படி சூசைராஜ் அண்ணன் கேட்டார். ஊரில் அம்பலகாரர் இருக்கிறார், வாத்தியார் இருக்கிறார். அவர்களை விட்டுவிட்டு நான் உடையப்பனைப் பிடித்ததற்குக் காரணம், அவர்மேல் எனக்கிருந்த வஞ்சம். பதினேழு வயசாகியும் கம்பெடுத்து அடிக்கிற உயரம் எனக்கில்லை. தேர்டு பாரத்தில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டுக்கொண்டாலும், பேனா பிடிக்கிற அளவுக்குப் படிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த வழி.

உள்ளதைச் சொல்கிறேன். உடையப்பனுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஆள் முருங்கைக்காய். சமஸ்தானத்து வேட்டைக்காட்டில் வாச்சர். எங்கள் ஊர்க் கொல்லைகள் முடிகிற இடத்தில் தொடங்கி, திருவரங்குளம் போகிற பக்கமாகச் செம்புறாங்கல் மேடும் காரைப்புதரும் சூரைமுள்ளுமாகக் கிடக்கிறதே, அந்தக் காடு. உள்ளே புள்ளிமான், பன்றி, முயல், கௌதாரி. வாச்சருக்கு வேலை இரண்டு. ஊர்க்காரன் எவனும் அந்த விலங்குகளைத் தொடாமல் காப்பாற்ற வேண்டும். துப்பாக்கியோடு விருந்தாளி வந்தால், காப்பாற்றி வைத்தது எங்கே நிற்கிறது என்று தடம் பார்த்துக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

அப்படி வருகிறவர்களில் பூனைக்கண் துரை என்று ஒருவர். வெளிச்சீமையில் ஏதோ பெரிய உத்தியோகம். அவருக்கு விலங்குகள்மேல் அப்படியொரு பிரியம். சினையானதைச் சுடக்கூடாது, குட்டியோடு நிற்பதைச் சுடக்கூடாது, இன்னது என்று கண்ணால் பார்க்காமல் புதர் அசைந்தது என்பதற்காகச் சுடவே கூடாது என்று வந்த இடத்திலெல்லாம் பிரசங்கம் செய்வாராம். காப்பாற்றாவிட்டால் நாளைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பாராம். துரை சுடுகிறவரைக்கும் வேறு எவனும் சுடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் காப்பாற்றுவது என்று பேர் என்பது எங்கள் ஊருக்கு விளங்கக் கொஞ்ச நாளாயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் அந்தத் துரை ஒரு புதர் அசைந்தது என்பதற்காகச் சுட்டார். புதருக்குள் இருந்தது உடையப்பனின் தம்பி அடைக்கலம். விலங்கைத் துப்பாக்கி முன்னால் விரட்டிவிடக் காடு கலைக்கிற ஆட்களோடு தகரம் தட்டிக்கொண்டு வந்தவன், காலில் முள் தைத்து, பிடுங்குவதற்காகக் குனிந்திருந்தான். பன்றி குத்திவிட்டது என்று துரை சொன்னார். பன்றி குத்தியதாகவே காகிதத்திலும் ஏறியது. பன்றிக்குக் கொம்பு உருண்டையாகவும் ஈயத்தாலும் இருக்கும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும்.

இதில் உடையப்பன் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு காட்டுக்குப் போனார். அடுத்த மாதம் அதே துரை வந்தபோது அதே துப்பாக்கிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அடைக்கலத்தின் பெண்சாதி பொன்னுத்தாய் அன்றைக்குத் தெருவில் நின்று, அவர் போன தடத்தில் துப்பினாள். பன்னிரண்டு வருஷமாக அவர் தெருவில் போகிறபோதெல்லாம் துப்புகிறாள். அவரோடு பேச்சு கிடையாது. தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. அவள் வீட்டு வாசலில் விறகும் கம்புத் தானியமும் கிடக்கும். யார் போட்டது என்று அவள் கேட்டதில்லை.

அதற்கப்புறம் காட்டில் ஒரு விசேஷம் நடந்தது. வருகிற துப்பாக்கிக்கெல்லாம் ராசியில்லாமல் போயிற்று. துரைமார் உட்காருவதற்குப் பரண் கட்டினால் மரத்தில் முசுறு எறும்பு இருக்கும். எறும்பில்லாத மரம் கிடைத்தால் காற்று ஆள் வாடையோடு மான் நிற்கிற பக்கமாக அடிக்கும். இரண்டும் சரியாக அமைந்தால் உடையப்பனுக்கு இருமல் வரும். மற்ற நாளில் இருமாத மனிதர். அவரை ராசிகெட்ட வாச்சர் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன். நரி முகத்தில் விழிக்க வேண்டியவன் இவர் முகத்தில் விழித்தால் வேட்டை எப்படிக் கிடைக்கும் என்று கேலி பேசியவர்களில் நான் முதல் ஆள்.

துப்பாக்கி சுடாத காட்டில் பன்றி என்ன செய்யும்? பெருகும். பெருகி, எங்கள் கடலைக் கொல்லைக்கு வரும். அதில் ஒற்றைக் கொம்பன் என்று ஒரு பன்றி. ஒரு பக்கம் கொம்பு ஒடிந்தது. அது வந்துபோன கொல்லை, நாற்பது பேர் மண்வெட்டியோடு சண்டை போட்ட இடம் மாதிரி இருக்கும். போன வருஷம் என் ஆத்தா சொர்ணம் விதைத்த கடலையில் எங்களுக்கு மிஞ்சியது செடி மட்டும். ஆத்தா வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக எடுத்து உதறிப் பார்த்தாள். ஒரு செடியில் இரண்டு காய் இருந்தது. அதை உரித்து என்னிடம் கொடுத்தாள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நான் கம்பியில் கண்ணி செய்து வேலியோரம் வைத்தேன். மறுநாள் காலையில் கண்ணிக்குப் பக்கத்தில் உடையப்பன் உட்கார்ந்திருந்தார்.

“யாரு வச்சது?”

“தெரியலிங்க மாமா.”

“தெரியலையா. சுருக்கு எடக்கையில போட்டிருக்கு. ஊர்ல எடக்கையன் ரெண்டே பேரு. ஒருத்தன் பொறந்து எட்டு மாசந்தான் ஆகுது.”

அதோடு விட்டிருக்கலாம். அந்தக் கண்ணியை என் கழுத்தில் மாலையாகப் போட்டு, கடைத்தெரு வழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். எழுபத்திரண்டு பேர் பார்த்தார்கள். எண்ணினேன். வஞ்சம் வைக்கிறவன் எண்ணி வைக்க வேண்டும். எழுபத்திரண்டாவது ஆள், எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வீட்டுக் கிழவர்.

ஆத்தாவிடம் வந்து உடையப்பன் சொன்னார்: “ஆத்தா சொர்ணம், எழுதி மேல அனுப்புனா பயலை உள்ள வைப்பாக. அதான் இதோட விட்டேன்.”

“நல்லது அண்ணே,” என்றாள் ஆத்தா. “பன்னியையும் இதே மாதிரி ஒருதரம் மாலை போட்டுக் கூட்டிட்டு வாங்க. பாக்க நல்லா இருக்கும்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே தீர்மானித்தேன். பன்றியும் சாக வேண்டும். உடையப்பனும் ஊர் சிரிக்க நிற்க வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இனிமேல் எழுதுவது அவருக்குத் தெரியாது. வாசிக்கிறவர்கள் போய்ச் சொல்லாமல் இருந்தால் நல்லது.

எங்கள் காட்டில் சிறுத்தை போய் இருபது வருஷமாகிறது என்பார்கள். சிறுத்தை திரும்பி வந்துவிட்டது என்று செய்தி பரவினால் துரைமார் நாலு பக்கமிருந்தும் வருவார்கள். நாலு துப்பாக்கி வந்தால் ஒன்றாவது பன்றிமேல் படாதா? தன் காட்டுக்குள் சிறுத்தை நடமாடுவதே தெரியாத வாச்சருக்கு மரியாதை என்ன ஆகும்? கணக்கு சரியாக வந்தது.

கலியாண முருங்கைக் கட்டை செதுக்க லேசு. தடம் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பூனையைப் பிடித்து, அதன் இடது முன்காலைக் களிமண்ணில் அழுத்தினேன். அடுத்த காலைப் பிடிப்பதற்குள் என் முழங்கையைப் பிராண்டிவிட்டு ஓடிப்போயிற்று. போனால் போகிறது, ஒரு கால் போதும் என்று அதையே பெரிசாக்கிக் கட்டையில் செதுக்கினேன். உச்சி வெயிலில், காட்டு ஊருணிப் பக்கம் ஒரு காக்கைகூட இல்லாத நேரம் பார்த்து, ஈரக்கரையில் அழுத்தி அழுத்தி முப்பத்தொரு அடி வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் என் தடத்தைத் தழையால் கூட்டினேன். பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் ஆறு பேர் உறுமல் கேட்டிருந்தார்கள். ஒருத்தர் வாலை மட்டும் பார்த்திருந்தார். ஒருத்தர் வீட்டில் இல்லாத ஆடு ஒன்று காணாமல் போயிருந்தது.

உடையப்பன் வந்தார். ஊரே பின்னால் போயிற்று. நானும் போனேன், சிரிப்பைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு. அவர் கரையில் குந்தி உட்கார்ந்து தடத்தைப் பார்த்தார். ஒன்றைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். முப்பத்தொன்றையும் தவழ்கிற மாதிரி போய்ப் பார்த்தார். ஒரு அடியை விரலால் அளந்தார். திரும்பக் கொஞ்ச நேரமாயிற்று.

“என்னங்க உடையப்பன்?” என்று யாரோ கேட்டார்கள்.

“சிறுத்தைதான்.”

ஊர் மூச்சுவிட்டது.

“ஆணா பொட்டையா?”

“ஆணு. வளர்த்தி கம்மி. வயசு பதினாறு, பதினேழு இருக்கும்.” எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “டேய் ஆத்மநாதா, கையில என்னடா கீறல்?”

“சூரைமுள்ளு மாமா.”

“பாத்துடா. சூரைமுள்ளு நாலு கோடு போட்டு நான் பாத்ததில்ல.”

சிறுத்தை பதினேழு வருஷம் உயிரோடிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள் என்று அடைமொழி கொடுத்து மனசுக்குள் எழுதி வைத்தேன்.

செய்தி மேலே போயிற்று. பத்து நாளில் பதில் வந்தது. நாலு துரை இல்லை, ஒரே ஒரு துரை வருகிறார். பூனைக்கண் துரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு கார்த்திகை அது. துரை உத்தியோகத்தை முடித்துக்கொண்டு சீமைக்குக் கப்பலேறப் போகிறாராம். இந்தக் காட்டில் பல வருஷம் வெறுங்கையோடு போன குறை மனசில் இருக்கிறதாம். போகிறபோது இங்கேயிருந்து ஒரு தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினால்தான் நிம்மதியாம்.

அன்று பொன்னுத்தாய் கடைத்தெருவுக்கே வந்துவிட்டாள். உடையப்பன் கடையில் புகையிலை வாங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசுகிறாள். அதையும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, கடைக்காரரைப் பார்த்துப் பேசினாள்.

“வாரவன் யாருன்னு தெரியுமான்னு கேளுங்க.”

“தெரியும்,” என்றார் உடையப்பன்.

“எம் புருசனைச் சுட்டவனுக்கு எத்தனை வருசமா பை தூக்குனது பத்தாதா. இப்ப வழியனுப்பவும் போறாகளாக்கும்.”

“போறேன்.”

“போறப்ப அவன் கையில என்ன குடுத்தனுப்புவாக? மானா, சிறுத்தையா?”

உடையப்பன் புகையிலையைக் கிள்ளியபடியே சொன்னார். “பன்னண்டு வருசமா அவன் இங்கிட்டிருந்து என்னத்தத் தூக்கிட்டுப் போனான்னு எண்ணிப் பாரு பொன்னுத்தாயி.”

“அது அவன் ராசி. ஒங்க வேலையின்னு எங்கிட்டச் சொல்லாதீங்க.” கோபத்தில் அவரையே பார்த்துவிட்டாள்.

“எந்தம்பியைக் குடுத்த காடு,” என்றார் அவர். “அந்தக் காட்டுல இருந்து அவனுக்கு ஒரு கௌதாரி எறகுகூடக் கிடையாது. அப்பவும் இல்ல. இப்பவும் இல்ல.”

“போச்சுன்னா?”

“அப்ப மூஞ்சியக் கழுவிட்டு ஒன் வாசல்ல வந்து நிக்கிறேன். தரையில துப்ப வேணாம்.”

அவள் போய்விட்டாள். கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் அழுக்கே இல்லை. முசுறு எறும்பும், காற்றும், இருமலும் ஒவ்வொன்றாக நினைவில் வந்து வரிசையில் நின்றன. ஒரு மனிதர் பன்னிரண்டு வருஷமாக, துப்பாக்கிப் பையைத் தோளில் சுமந்தபடியே, அந்தத் துப்பாக்கிக்கு ஒன்றும் கிடைக்காமல் பழி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மானும் பன்றியும் பிழைத்தது அவர் இரக்கத்தால் அல்ல, வஞ்சத்தால். எங்கள் கடலை போனதும் அதே வஞ்சத்தால்தான். இப்போது அந்தத் துரையை மறுபடியும் வரவழைத்தது என் கலியாண முருங்கைக் கட்டை.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. கழுத்தில் கண்ணி போட்டது ஞாபகம் வந்து, சொல்லவில்லை. ஒற்றைக் கொம்பன் சாகட்டும் என்று நினைத்துக்கொண்டு காடு கலைக்கிற ஆட்களோடு பேர் கொடுத்தேன். தகர டின் ஒன்று கொடுத்தார்கள்.

துரை காரில் வந்து இறங்கினார். முன்பு போல இல்லை. நரைத்து, கண்ணாடி போட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கியது. கண் மட்டும் அதே பூனைக்கண். உடையப்பனுக்கு வேட்டைக்கு வேண்டிய இருபது முப்பது இங்கிலீஷ் வார்த்தை தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்யமே நடத்துவார்.

முதல் நாள் ஊருணியில் தொடங்கினோம். தடம் கரையோடு நிற்கவில்லை. மேட்டில் ஏறி, காரைப்புதர் சுற்றி, மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. நான் வைத்தது முப்பத்தொன்று. நாங்கள் அன்று பார்த்தது இருநூறுக்கு மேல். என் சிறுத்தை நானில்லாமலே நடக்கப் பழகியிருந்தது. உண்மையிலேயே ஒன்று வந்துவிட்டதா என்று நினைத்து, ஆட்களுக்கு நடுவில் போய் நடந்தேன்.

துரை குனிந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரம், முப்பது அடி தூரத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. கொம்பு இரண்டும் உலர்ந்த மரக்கிளை மாதிரி விரிந்திருந்தது. துரை துப்பாக்கியை உயர்த்தினார். உடையப்பன் அவர் முழங்கைமேல் ஒரு விரலை வைத்தார்.

“நோ பயர் துரை. சவுண்டு. லெப்பர்டு ரன்.”

சிறுத்தைக்குப் போகிறவன் மற்றதைச் சுடக்கூடாது. ஒரு வெடிச் சத்தம் கேட்டால் சிறுத்தை அந்தக் காட்டையே விட்டுவிடும். இது வேட்டைக்காரர்களுக்குள் இருக்கிற வழக்கம். துரைக்கும் தெரியும். துப்பாக்கியை இறக்கினார். மான் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு நிதானமாகப் போயிற்று.

மூன்று நாளும் இப்படித்தான். மான் வந்தது, நோ பயர். பன்றிக் கூட்டம் வந்தது, நோ பயர். ஒரு கௌதாரி துரையின் பூட்ஸ் மேலேயே ஏறுகிற மாதிரி போயிற்று. அதற்கும் நோ பயர். இல்லாத சிறுத்தை ஒன்று இருக்கிற விலங்கையெல்லாம் காவல் காத்தது. துரை வியர்த்தார், முள் கிழித்தது, அட்டைப்பூச்சி மாதிரி தடத்தோடு ஒட்டிக்கொண்டே அலைந்தார். உடையப்பன் முகத்தில் ஒரு வரிகூட அசையவில்லை. ஆனால் மூன்று நாளும் அவர் இருமவே இல்லை. இருமல் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் காலையிலிருந்து தூறல். மத்தியானத்துக்கு மேல் துரைக்குப் பொறுமை போயிற்று. சிறுத்தை நாசமாய்ப் போகட்டும், காட்டைக் கலை, எது வந்தாலும் சுடுகிறேன் என்று சொல்லிவிட்டார். நாளைக்கு ரயில். இனி நோ பயர் செல்லாது. அதோடு, உடையப்பனைத் தனக்குப் பின்னால் இருபது அடி தள்ளி உட்காரச் சொல்லி, வாயைத் துண்டால் கட்டிக்கொள்ளவும் சொன்னார். பழைய இருமலை அவர் மறக்கவில்லை.

துரை தேர்ந்தெடுத்து உட்கார்ந்த இடத்துக்கு எதிரில் ஒரு பெரிய சூரைப்புதர். எங்கள் ஆட்கள் அதற்கு அடைக்கலம் புதர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். துரைக்கு இடம் நினைவில்லை. உடையப்பன் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கண் புதர்மேலேயே இருந்தது.

நாங்கள் தகரம் தட்டிக்கொண்டு வளைத்து வந்தோம். புதருக்கு அருகே வந்தபோது தட்டுவதை நிறுத்தி, சத்தமில்லாமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பது மறுபக்கம் நிதானமாக வெளியே வரும், குறி வைக்கச் சௌகரியம். நின்றோம். புதர் அசைந்தது. வெளியே வந்தது ஒற்றைக் கொம்பன்.

நான் பக்கவாட்டில் இருந்ததால் எல்லாம் தெரிந்தது. எங்கள் கடலையைத் தின்று வளர்ந்த முதுகு. துரையின் துப்பாக்கி உயர்ந்தது. அவசரமே இல்லை அவருக்கு. நான் எதற்காகக் கட்டை செதுக்கினேனோ அது நாலு விநாடியில் நடக்கப் போகிறது. உடையப்பனைப் பார்த்தேன். அவர் துப்பாக்கியையும் பார்க்கவில்லை, பன்றியையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகம் கழுவிக்கொண்டு ஒரு வாசலில் போய் நிற்பதற்குத் தயாரான முகம்.

என் கையிலிருந்த தகர டின் நழுவிப் பாறையில் விழுந்தது. கை வியர்த்திருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

பன்றி திரும்பிய வேகத்தில் புதரே இரண்டாகப் பிளந்தது. துப்பாக்கி வெடித்தது. செம்புறாங்கல் ஒரு துண்டு தெறித்து துரையின் தொப்பிமேல் விழுந்தது. பன்றி போன இடத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

துரை என்னைப் பார்த்துச் சொன்னதெல்லாம் இங்கிலீஷ். தேர்டு பாரத்தில் அந்த வார்த்தைகளைச் சொல்லித்தரவில்லை. பிறகு தானே அடங்கி, கல்லில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்தார். இந்த இடத்தில் முன்னொரு காலத்தில் ஒரு பன்றி சுட்ட ஞாபகம் இருக்கிறதே என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

உடையப்பன் வாயில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மடித்துத் தோளில் போட்டார்.

“பிக் நோ, துரை,” என்றார். “மை பிரதர்.”

குரல் உயரவில்லை. மரியாதையும் குறையவில்லை. துரை அவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. கார் நிற்கிற இடம்வரை துரை தன் துப்பாக்கிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். உடையப்பன் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அது ஒன்றுதான் அவர் துரைக்குக் காட்டிய அவமரியாதை.

வேட்டை கிடைத்தால் காரின் முன்பக்கம் கட்டி, ஊர் பார்க்கத்தான் கொண்டுபோவார்கள். அன்று கார் கடைத்தெருவைத் தாண்டியபோது பொன்னுத்தாய் தூறலில் நனைந்துகொண்டு ரோட்டோரம் நின்றாள். காரின் முன்பக்கம் வெறும் தகரம், மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கமும் பார்த்தாள். கார் மறைகிறவரை பார்த்தாள்.

பின்னால் நாங்கள் நடந்து வந்தோம். அவள் தன் வீட்டுக்குள் போய் ஒரு செம்போடு வெளியே வந்தாள். உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டே அவள் வாசலைத் தாண்டப் பார்த்தார்.

“ஏலே ஆத்மநாதா,” என்றாள் என்னிடம். “மச்சானுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு.”

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் செம்பை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து குடித்து முடித்து, காலிச் செம்பை வைத்துக்கொண்டு நின்றார். தூறல் இருந்ததால் அவர் முகத்தில் எது தண்ணீர் என்று என்னால் எழுத முடியவில்லை.

இவ்வளவுதான் உடையப்பன். இன்னும் அவர் இருமுகிறார், துப்பாக்கி வந்தால் மட்டும். ஒற்றைக் கொம்பன் இந்த வருஷமும் எங்கள் கொல்லைக்கு வந்தது.

இதுவரை எழுதியதை, அவர் வாழ்க்கை ஆயிற்றே என்று, நேற்று மத்தியானம் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கட்டை சமாச்சாரம் வருகிற இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். சிங்கம் சைவமான இடத்தில் சிரித்தார். அடைக்கலத்தின் இடத்தில் வேறு பக்கம் பார்த்தார். முடித்ததும் புகையிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

“எனக்கு எழுத்துத் தெரியாது,” என்றார். “தடம் தெரியும். ஒங்கண்ணு வரி வரியா ஊந்துக்கிட்டே வந்துச்சு. ஊருணி வந்த எடத்துல பாதித் தாளைத் தாண்டிக் குதிச்சுச்சு. அங்கன என்னடா எழுதிருக்கே?”

“ஒண்ணுமில்ல மாமா. மை கொட்டிருச்சு.”

அவர் எழுந்து உள்ளே போனார். எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் மடியில் ஒன்றைப் போட்டார். கலியாண முருங்கைக் கட்டை. என்னுடையது இல்லை, என்னுடையதை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். இது அதைவிடச் சுத்தமாகச் செதுக்கியது. ஓரம் தேய்ந்து, விரலிடுக்கில் ஊருணிக் களிமண் காய்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். வலது கால்.

“நாலும் எடது காலா இருந்தா அந்தச் சிறுத்தை வட்டத்துலதான்டா சுத்தும்,” என்றார். “எடக்கையன் புத்தி. துரை கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தான்னா மானம் போயிரும்னு ஒம் முப்பத்தொண்ணையும் பாதி அழிச்சு, இதை வச்சேன். அடுத்த தரம் ரெண்டையும் சேத்து வச்சுக்க.”

நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். வாசல் படலைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்பறம் மாப்ள. தகரம் விழுந்ததுக்குக் கை வேத்துச்சுன்னு வாசிச்சியே.”

“ஆமா மாமா.”

“அன்னைக்குக் காலையிலேர்ந்து தூறல்னும் நீதான் எழுதிருக்கே.”